அலை வேண்டாதவர்களின் பாலி

பாலித் தீவுக்குக் குறைந்த செலவில் போய்வர நினைப்பவர்களில் பெரும்பாலோர் தென்கோடியில்தான் அறை தேடுகிறார்கள். கூட்டா, சாங்கூ, உலுவாத்து ஆகிய ஊர்களில் ஒன்றில் மலிவாக ஓர் அறை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, கடற்கரை நடக்கும் தொலைவில் இருக்கிறது, தீவுக்குப் போவதே கடலுக்காகத்தானே என்பது அவர்கள் கணக்கு. 2024ஆம் ஆண்டில் ஏறக்குறைய 63 லட்சம் வெளிநாட்டவர் பாலிக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தவர்கள் இந்தியர்கள். ஆஸ்திரேலியர்களில் கணிசமானோர் அலைச்சறுக்குப் பலகையைக் கையோடு கொண்டுவருகிறார்கள். இந்தியர்களில் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தவர்களே அபூர்வம். இருந்தும் இரு தரப்பும் ஒரே ஊர்களில், ஒரே வாடகைக்குத் தங்குவதை நான் தவறான கணக்கு என்பேன். தென்கரை ஊர்களின் விலையை நிர்ணயிப்பது அலை. அலையில் ஏறாதவர் தமக்குப் பயன்படாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். அதோடு தாம் இறங்கிக் குளித்திருக்கக்கூடிய கடலையும் இழக்கிறார். கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இந்த இரட்டை இழப்பு சிறியதன்று.

அலைக்கு எப்படி விலை வந்தது என்பதற்கு நிலவியலும் வரலாறும் சேர்ந்தே பதில் சொல்கின்றன. பாலியின் தென்கரை இந்தியப் பெருங்கடலை நேராகப் பார்த்து நிற்கிறது. வெகு தெற்கே, குளிர்ந்த கடல்களில் வீசும் புயல்கள் எழுப்பும் நீரலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி வந்து அங்குள்ள பவளப்பாறை விளிம்பில் மோதி எழுகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று மேற்குப் பார்த்த கரைகளில் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவதால், எழும் அலை உடனே உடைந்து விழாமல் சுவராக நிற்கிறது. 1936இல் அமெரிக்கர்களான ராபர்ட் கோக், லூயிஸ் கோக் தம்பதியர் கூட்டா கடற்கரையில் தங்கும் விடுதி நடத்தத் தொடங்கினார்கள். பாலியில் அலைச்சறுக்கு அவர்களோடு வந்தது. 1971இல் ஆஸ்திரேலியப் படக்குழு ஒன்று உலுவாத்துப் பாறைக்கடியில் உள்ள அலைகளைப் படம்பிடித்தது. அந்தப் படம் அடுத்த ஆண்டு வெளிவந்தபின் உலகின் அலைப்பிரியர்கள் எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்துபோனது. உலுவாத்து இருக்கும் புக்கிட் தீபகற்பம் கடலிலிருந்து மேலெழுந்த சுண்ணாம்புப் பாறை. ஆறு இல்லை, நெல் இல்லை. உழவர்கள் கணக்கில் அது தீவிலேயே மட்டமான நிலம். இன்று அங்கே அலை தெரியும் ஒரு துண்டு நிலத்தின் குத்தகைக்குப் பணக்காரர்கள் போட்டி போடுகிறார்கள். அந்தக் குத்தகைத் தொகை அறை வாடகையிலும், காபி விலையிலும், துணி வெளுக்கும் கூலியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நம் பையிலிருந்துதான் வசூலாகிறது.

அரசின் திட்டமும் இதற்குத் துணைபோனது. 1971இல் ஒரு பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் பாலிக்கான சுற்றுலா வரைவுத் திட்டத்தை இந்தோனேசிய அரசுக்குத் தயாரித்துக் கொடுத்தது. பயணிகளைத் தென்கரையிலேயே தங்கவைப்பது, அங்கிருந்து பகல் நேரச் சுற்றுலாவாக உள்நாட்டுக்கு அழைத்துப்போய் மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவது என்பதே அதன் சாரம். பாலியின் ஊர் வாழ்க்கையை வெளியாரின் கூட்டத்திலிருந்து காப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. அதில் உண்மையும் உண்டு. நல்ல சாலைகளும் பெரிய விடுதிகளும் வாகன ஏற்பாடுகளும் தெற்கில் குவிந்ததற்கு அந்தத் திட்டம் ஒரு முக்கியக் காரணம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பயண முகவர்கள் விற்கும் ஐந்து நாள் தொகுப்பு அந்தப் பழைய வரைபடத்தையே பின்பற்றுகிறது: இரவு தெற்கில், பகல் காரில். நாம் நம் விருப்பம் என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலும் எப்போதோ யாரோ போட்டு வைத்த பாதை.

தென்கரைக் கடல் குளிக்க ஏற்றதா என்று பார்ப்போம். அலைச்சறுக்குக்கு நல்ல கடல் நீச்சலுக்கு நல்ல கடலாக இருப்பது அரிது. கூட்டாவிலும் சாங்கூவிலும் கரைக்கு வந்த நீர் திரும்பும்போது ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டங்கள் உண்டு. உயிர்காப்பாளர்கள் சிவப்புக் கொடி நட்டுவைத்திருக்கும் நாட்களில் முழங்கால் நனைப்பதோடு திரும்ப வேண்டியதுதான். உலுவாத்தில் செங்குத்தான படிகளில் இறங்கிப்போனால் பாறைக் குகையும், நீர் வற்றும் நேரத்தில் கூர்மையான பவளப் பாறையும் இருக்கின்றன. பலகையோடு வருபவருக்கு அது வாசல், மற்றவருக்கு நின்று பார்க்கும் இடம். நின்று பார்ப்பதும் அழகுதான், மறுக்கவில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். தெற்கில் விதிவிலக்கு சானூர். கரைக்கு முன்னால் பவளத்திட்டு அரணாக நிற்பதால் அங்கே நீர் குளம்போல் அடங்கியிருக்கும். 1906இல் டச்சுப் படை இறங்கியதும் அந்தக் கரையில்தான். அங்கிருந்து போய்த்தான் அவர்கள் பதுங் அரசவையைத் தாக்கினார்கள். 1966இல் ஜப்பானின் போர் ஈட்டுத்தொகையில் பத்து மாடி விடுதி ஒன்று அங்கே எழுந்தது. அதைக் கண்டு பதறித்தான் இனி எந்தக் கட்டடமும் தென்னை மர உயரத்தை, அதாவது 15 மீட்டரை, தாண்டக் கூடாது என்ற விதி தீவு முழுக்க வந்தது. வந்திறங்கும் இரவையும் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவையும் சானூரில் கழிப்பது நல்ல ஏற்பாடு. நடு நாட்கள் வேறு இடத்துக்குரியவை.

பாலி மக்களின் திசைக் கணக்கில் அந்த வேறு இடத்துக்கான வழி இருக்கிறது. அவர்களுக்கு வடக்கு தெற்கைவிட மலைப்பக்கம், கடல்பக்கம் என்பவை முக்கியம். மலைப்பக்கம் தூய்மைக்கும் தெய்வத்துக்கும் உரியது. வீட்டின் குலக்கோயில் அந்தப் பக்கம் இருக்கும். சமையலறையும் தொழுவமும் கடல்பக்கம் அமையும். மலையில் பிறந்து கடலில் முடியும் நீரின் வழியே இந்த ஒழுங்குக்கு அடிப்படை. அலை வேண்டாதவர் தம் பயணத்தையும் இந்த நீரின் வழியில் அமைத்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். மேலே பாத்தூர் எரிமலைக் குழியில் உள்ள ஏரி, நடுவே சிடமென், ஜாத்திலுவே, முண்டுக் போன்ற படிக்கட்டு வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊர்கள், கீழே கிழக்கிலும் வடக்கிலும் அடங்கிய கடல். மூன்றும் ஒன்றுக்கொன்று சில மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. தீவே கிழக்கு மேற்காக ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான்.

பாத்தூர் ஏரியிலிருந்து வெளியே பாயும் ஆறு கிடையாது. அந்த நீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழே ஊற்றுகளாகக் கிளம்பி நடுப்பாலியின் வயல்களை நனைக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். ஏரித் தெய்வமான தேவி டானுவுக்குக் குழியின் விளிம்பில் ஒரு பெருங்கோயில் இருக்கிறது. முன்பு அது கீழே எரிமலையின் அடியில் இருந்தது. 1926இல் எரிமலைக் குழம்பு ஊரை மூடியபின் மக்கள் கோயிலை மேலே கொண்டுவந்து கட்டினார்கள். நூற்றுக்கணக்கான பாசனச் சங்கங்கள் ஆண்டுதோறும் இங்கே காணிக்கை கொண்டுவருகின்றன. இந்தச் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். ஒரே வாய்க்காலிலிருந்து நீர் பெறும் வயல்காரர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர். தலைவரை பெகாசே என்கிறார்கள். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் கூட்டத்தில் ஒரே மதிப்பு. வாய்க்கால் பிரியும் இடங்களில் மரக்கட்டையில் வெட்டிய பள்ளங்கள் வைத்திருப்பார்கள். பள்ளத்தின் அகலம்தான் பங்கின் அளவு. கண்ணால் பார்த்தே யாருக்கு எவ்வளவு நீர் போகிறது என்று சொல்லிவிடலாம். மலையைக் குடைந்து நீர் கொண்டுவரும் சுரங்க வாய்க்கால்களும் உண்டு. அவற்றைக் குடையும் கைவினைஞர்களைப் பற்றிய குறிப்பு 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பாலிச் செப்பேட்டிலேயே இருக்கிறது. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சுபாக் இடம்பெற்றது. அந்தப் பட்டியல் வயலின் அழகை மட்டும் சேர்க்கவில்லை, வயலை நடத்தும் இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே அங்கீகரித்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு அறிவார்ந்தது என்பது அதைக் கலைத்துப் பார்த்தபோதுதான் வெளியாருக்குப் புரிந்தது. 1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. குறுகியகால நெல்லை ஆளாளுக்கு எப்போது வேண்டுமானாலும் நட்டு, ஆண்டு முழுதும் விளைவியுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கோயில் குறித்துக் கொடுக்கும் நடவுக் காலத்தை மதச் சடங்கு என்று ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே நீருக்குச் சண்டை வந்தது. புகையான் வயல் வயலாக நெல்லைத் தின்றது. முன்பு ஒரு பள்ளத்தாக்கின் சுபாக்குகள் எல்லாம் பேசிவைத்து ஒரே சமயத்தில் அறுவடை முடித்து, ஒரே சமயத்தில் வயலைத் தரிசாகவோ நீர்ப்பரப்பாகவோ விட்டுவைத்தன. அந்த இடைவெளியில் பூச்சிக்கு உணவு கிடைக்காமல் அதன் பெருக்கம் அடங்கியது. எல்லோரும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது. ஆளுக்கொரு நாளில் நட்டால் பூச்சி அடங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான புள்ளியைக் கண்டுபிடிக்கும் வேலையை நீர்க்கோயில்களின் அடுக்கு செய்துவந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு ஒரு கணினி மாதிரி அமைத்துப் பார்த்தார். கோயில்கள் வகுத்திருந்த ஒருங்கிணைப்பின் அளவு அதிக விளைச்சல் தரும் அளவோடு ஏறக்குறையப் பொருந்தியது. சடங்கு என்று தள்ளப்பட்டது நிர்வாகம் என்று அப்போது தெரிந்தது. ஜாத்திலுவேயின் வயல் வரப்பில் ஒரு காலைப்பொழுது நடப்பவருக்கு இவை தெரிந்திருந்தால், பச்சைப் படிக்கட்டு வெறும் புகைப்படப் பின்னணியாக இருக்காது. ஏன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நாற்றும் இங்கே முற்றிய கதிரும் நிற்கின்றன என்று அவருக்கே விளங்கும். வாய்க்கால் முகப்பில் உள்ள சிறு கோயிலையும் மரப் பள்ளத்தையும் அவர் தேடிப்போவார். இதற்கு ஆகும் செலவு ஊர் வசூலிக்கும் நுழைவுக் கட்டணமும் நடக்கும் காலும்தான்.

நெல் வயலையும் கோயிலையும் பார்க்கவா தஞ்சாவூர்க்காரர் கடல் தாண்டிப் போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கோ நம்மவர்தான் அங்கே மற்ற யாரையும்விட அதிகம் பார்க்க முடியும் என்று படுகிறது. ஏரிப்பாசனத்தில் மடை திறந்து வயலுக்கு வயல் நீர் விடும் நீர்க்கட்டி என்ற ஊழியரும், ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தும் நமக்குத் தெரிந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் நீர்நிலைகள் அரசின் பொறுப்புக்குப் போனதும் ஊரின் பொறுப்பு தளர்ந்தது. பிறகு அணையும் ஆழ்துளைக் கிணறும் வந்து பல இடங்களில் அது நினைவாக மட்டும் நிற்கிறது. பாலியில் அதையொத்த ஓர் ஏற்பாடு இன்றும் கூட்டம் போடுகிறது, அபராதம் விதிக்கிறது, வாய்க்கால் தூர் வாருகிறது. அங்கும் அது நெருக்கடியில்தான் இருக்கிறது. தெற்கில் வயல்கள் விடுதிகளாக மாறுகின்றன, நிலத்தடி நீர் கீழே போகிறது, இளைஞர்கள் உழவை விட்டு விடுதி வேலைக்குப் போகிறார்கள். உயிரோடு இருக்கும்போதே அதைப் போய்ப் பார்ப்பது, நீரைப் பற்றிக் கவலைப்படும் தமிழருக்கு எந்தக் கடற்கரை மாலையையும்விடப் பெரிய ஆதாயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீவுக்குப் போய்க் கடலில் இறங்காமல் வருவது வீண். எந்தக் கடல் என்பதுதான் கேள்வி. வடகரையும் வடகிழக்குக் கரையும் பெருங்கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பதால், அந்த நீண்ட அலைகள் அங்கே வந்து சேர்வதில்லை. மணல் கறுப்பு, எரிமலைச் சாம்பலின் நிறம். வெள்ளை மணலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கும். முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை நீருக்குள் விட்டதும் அந்த ஏமாற்றம் போய்விடும். ஆமெட்டில் கரையிலிருந்து சில கை நீச்சலில் பவளம் தொடங்குகிறது. துலாம்பெனில் அதைவிடப் பெரிய காட்சி இருக்கிறது. 1942 ஜனவரியில் லோம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இழுத்துவந்து இந்தக் கரையில் ஏற்றினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் அது கரையிலேயே கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நில அதிர்வு அந்தக் கப்பலை நகர்த்தி நீருக்குள் தள்ளியது. இன்று அதன் மேல்பகுதி சில மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி சுமார் 30 மீட்டரிலும் கிடக்கிறது. கரையிலிருந்து சில பத்து மீட்டர்தான். படகு வேண்டாம், மூச்சுக்கருவி வேண்டாம். கூழாங்கல் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாடகைக்கு எடுத்த கண்ணாடியும் குழாயும் கொண்டு மிதந்தால் கப்பலின் விலாவில் வளர்ந்த பவளமும் கூட்டம் கூட்டமாக மீனும் கீழே தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியோடும் துணையோடும் மட்டுமே இறங்க வேண்டும். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வடமேற்கில் பெமுத்தேரான் என்ற ஊர் இருக்கிறது. வெடியும் நஞ்சும் கொண்டு மீன்பிடித்ததில் அங்கே பவளம் அழிந்துபோயிருந்தது. 2000ஆம் ஆண்டில் இரும்புச் சட்டங்களைக் கடலடியில் நிறுத்தி, அவற்றில் மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்தினார்கள். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு கம்பியில் படிய, அதன்மேல் ஒட்டவைத்த பவளத் துண்டுகள் வளர்ந்தன. ஊர்க்காரர்களே காவல் காத்தார்கள். 2012இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு இந்த முயற்சிக்குக் கிடைத்தது. அதே வடகரையில் லோவினா பற்றியும் எல்லாரும் சொல்வார்கள். விடியற்காலையில் டால்பின்களைப் படகுகள் துரத்தும் காட்சியில் எனக்கு விருப்பமில்லை, கடந்து போய்விடலாம். அதற்குப் பக்கத்துச் சிங்கராஜாவில் கெடோங் கீர்த்தியா என்ற சுவடி நூலகத்துக்கு ஒரு பிற்பகல் ஒதுக்குவது மேல். 1928இல் நிறுவப்பட்டது, ஓலைச்சுவடிகள் அங்கே பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நம் பனையின் இனத்தைச் சேர்ந்த அதே மரத்தின் ஓலை, அதே எழுத்தாணி வேலை. இன்னும் கிழக்கே செம்பிரான் கிராமத்தில் இந்தோனேசியத் தொல்லியலாளர் வாயன் ஆர்டிகா 1980களின் பிற்பகுதியில் அகழாய்வு செய்தபோது, அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த ரூலெட்டட் வகைப் பானையோடுகள் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கரைப் பண்டங்கள் போய் இறங்கியது இந்த அடங்கிய வடகரையில்தான். அன்றைய கப்பல்காரர்களும் அலையைத் தவிர்த்தார்கள், காரணம் வெளிப்படை.

இப்போது பணக் கணக்கு. வடக்கே அறை மலிவாக இருக்கலாம், போக்குவரத்திலேயே மிச்சமெல்லாம் போய்விடுமே என்பது வலுவான ஆட்சேபம். ஒரு லட்சம் ரூபியா நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். சிடமென், முண்டுக், ஆமெட் ஆகிய ஊர்களில் குடும்பங்கள் நடத்தும் வீட்டு விடுதிகளில் இருவருக்கான அறை, காலை உணவோடு, இரண்டு முதல் மூன்றரை லட்சம் ரூபியாவுக்குக் கிடைக்கும். அதே வசதியுள்ள அறைக்குச் சாங்கூவில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வது மிகையாகாது. பத்து இரவுக்கு ஏறக்குறைய 30 லட்சம் ரூபியா மிச்சம். மறுபக்கம், ஓட்டுநரோடு கார் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு லட்சம். பெமோ எனப்படும் பழைய சிற்றுந்துகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பயணிகளுக்கான பகிர்வு வேன்கள் முக்கிய ஊர்களுக்கிடையே மட்டும் ஓடுகின்றன. இரண்டு நாளைக்கு ஓர் ஊர் என்று தாவிக்கொண்டிருந்தால் ஆட்சேபம் சொல்பவர் சரி, மிச்சம் கரைந்துவிடும். மலையில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று என இரண்டே தங்கலிடம் வைத்துக்கொண்டால் மூன்று கார்ப் பயணம் போதும். 24 லட்சம் வரை ஆகும், மீதி கையில் நிற்கும். தெற்கில் தங்குபவருக்குக் கார்ச் செலவு இல்லை என்று யார் சொன்னது? பாத்தூரையும் வயல்களையும் பார்க்க அவரும் ஒவ்வொரு முறையும் கார் எடுத்து, நெரிசலில் மூன்று மணி நேரம் ஏறி, மூன்று மணி நேரம் இறங்குகிறார். 1971ஆம் ஆண்டுத் திட்டத்தின் பகல் சுற்றுலாவுக்கு அவர் இன்னும் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு ஒரு லட்சத்துக்குள்தானே, அதில் எல்லாம் சரியாகிவிடுமே என்பார்கள். இரு சக்கர வாகனத்துக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாதவருக்கு அது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கும். மலைச்சாலைகளில் மழை பெய்தால் அனுபவமுள்ளவரும் தடுமாறுவார். உரிமமும் பழக்கமும் உள்ளவர் தங்கும் ஊரைச் சுற்றி மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். இவை தவிர, யாரும் தப்ப முடியாத செலவுகள்: இறங்கும்போது விசாவுக்கு ஐந்து லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரி முதல் பாலி மாகாணம் வாங்கும் சுற்றுலா வரி ஒன்றரை லட்சம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழி விமானக் கட்டணம்தான் மொத்தச் செலவில் பெரும்பங்கு. ஆகவே நான்கு நாளுக்குப் போய்வருவதைவிட ஒரே முறை போய்ப் பத்து நாள் தங்குவதே நாளொன்றுக்கான செலவைக் குறைக்கும். சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. வாரூங் எனும் சிறு உணவுக்கடையில் சோற்றைச் சுற்றிக் காய், புளிக்கவைத்த சோயாவான தெம்பே, முட்டை, மிளகாய்ச் சாந்தான சாம்பால் வைத்துத் தரும் நாசி சம்பூர் முப்பதாயிரம் ரூபியாவைச் சுற்றி இருக்கும். மரக்கறி உண்பவர் தெம்பேயையும், வேகவைத்த காயும் சோற்றுக்கட்டியும் கடலைச் சாந்தில் புரட்டிய திப்பாட் சந்தோக்கையும் நம்பலாம். இறாலில் செய்த திராசி விழுது சாம்பாலிலும் கடலைச் சாந்திலும் சேரக்கூடும் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு ஆட்சேபம் எனக்கே கனமானது. எல்லாரும் இப்படி வடக்கே திரும்பினால் அந்த ஊர்களும் கெட்டுப்போகாதா? உபுடைப் பாருங்கள், கடற்கரையே இல்லாத ஊர், இன்று அதன் தெருக்களில் வாகனம் நகரவில்லை. இதற்கு முழுமையான பதில் கிடையாது. ஓரளவு பதில் எந்த வகைப் பயணி போகிறார் என்பதில் இருக்கிறது. குடும்பம் தன் வீட்டு வளாகத்தில் கட்டிய அறைக்குக் கொடுக்கும் பணம் அந்த வீட்டிலேயே தங்குகிறது. அங்கே நீச்சல்குளம் இருக்காது. வயலுக்குப் போகும் நீரில் நம் பங்கு குறைவு. சிக்கனப் பயணி என்பதற்காக வண்டிக்காரரிடமும் நெசவாளரிடமும் கடைசி ஆயிரம் ரூபியாவுக்கு மல்லுக்கட்டுவது மட்டும் எனக்கு ஒப்பாது. ஆயிரம் ரூபியா நமக்கு ஐந்தாறு ரூபாய். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிச்சம் பிடிக்கலாம். ஆட்களின் கூலியில் பிடிப்பது முறையல்ல. கோயிலுக்குள் போகும்போது இடுப்பில் சாரோங்கும் கச்சையும் கட்டிக்கொள்வதும், பூசை நடக்கையில் பூசாரிக்கு முன்னால் போய் நின்று படமெடுக்காமல் இருப்பதும் காசில்லாமல் செய்யக்கூடிய மரியாதைகள். வேட்டி கட்டத் தெரிந்தவர்களுக்கு முதலாவதில் சிரமமே இல்லை.

காலத்திலும் அலை வேண்டாதவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்மேற்குக் கரையின் அலையும் ஆஸ்திரேலிய, ஐரோப்பிய விடுமுறைகளும் ஒன்றுசேர்வதால் தீவு முழுக்க விலை ஏறுகிறது. அலைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாதவர் மே மாதத்திலோ செப்டம்பர் கடைசியிலோ போகலாம். வானம் தெளிவாக இருக்கும், வடக்கில் கடலடி நன்றாகத் தெரியும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை கனக்கும். மலையில் வழுக்கும், ஆறுகள் கொண்டுவரும் சேற்றால் கடலும் கலங்கும். மார்ச்சில் போகிறவர் நியெப்பி எனும் மௌனத் திருநாள் எந்த நாளில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விமானச் சீட்டு எடுக்க வேண்டும். அன்று 24 மணி நேரம் விமான நிலையம் மூடியிருக்கும். உள்ளூர்க்காரரோ வெளியாரோ, யாரும் தெருவில் இறங்கக் கூடாது, வெளியே தெரியும்படி விளக்கு ஏற்றக் கூடாது. முந்தைய இரவு ஒவ்வோர் ஊரிலும் இளைஞர்கள் மூங்கிலிலும் காகிதத்திலும் செய்த பெரும் பூத உருவங்களைத் தோளில் சுமந்து ஊர்வலம் வருவார்கள். வீட்டு விடுதியில் தங்கியிருப்பவர் அந்த ஊர்க்காரர்களோடு நின்றே அதைப் பார்க்கலாம், சீட்டு எதுவும் இல்லை. கடைகள் முந்தைய மாலையே மூடத் தொடங்கிவிடுமாதலால், அடுத்த நாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும்.